கதவில் எண் இருந்ததா?

வங்கி வாசலில் நின்ற காவலாளி நல்ல மனுஷன்தான். கேட்ட கேள்விதான் கொஞ்சம் வில்லங்கமாகிப் போனது. உள்ளே நுழைந்த தபால்காரரையும் அவர் மனைவியையும் பார்த்து, "மாணவர் கணக்கா? மூணாவது கவுன்ட்டர். பிள்ளை எங்கம்மா, வரலையா?" என்று கேட்டுவிட்டார்.

"நான்தான் பிள்ளை," என்றாள் அவள்.

காவலாளி ஒரு கணம் விழித்தார். அப்புறம் அவரே சிரித்துவிட்டு, கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டார். அவளுக்கு நாற்பத்தாறு வயது. மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய கையோடு பள்ளி இறுதித் தேர்வைத் தனியாக எழுதித் தேறி, குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பட்டயப் படிப்பில் சேர்ந்திருந்தாள். கல்லூரி கொடுத்த அடையாள அட்டையை வீட்டிலேயே கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் கிளம்பினாள். தபால்காரர் அதைப் பற்றிக் கிண்டலாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார்.

விஷயம் இதுதான். வயது கடந்து படிக்க வரும் பெண்களுக்கென்று அந்தக் கல்லூரியில் உதவித்தொகையோடு நான்கு இடங்கள். நான்காவது இடம் அவளுடையது. உதவித்தொகை மாணவி பெயரில் உள்ள கணக்கில்தான் விழும், புருஷன் கணக்கில் விழாது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் கணக்கு எண்ணைக் கல்லூரி அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். தவறினால் இடம் ஐந்தாவதாகக் காத்திருப்பவளுக்குப் போய்விடும். அன்று திங்கட்கிழமை.

மூன்றாவது கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு அவர்கள் மகள் வயதுதான் இருக்கும். அட்டையைத் திருப்பிப் பார்த்தாள், பிறப்புச் சான்றிதழைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "ஆள் நீங்கதான்ங்கறதுக்கு இது போதும்மா. எங்க இருக்கீங்கங்கறதுக்கு ஏதாவது வேணும்."

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போலத் தபால்காரர் ஒரு தடித்த கோப்பை எடுத்து வைத்தார். வீட்டுப் பத்திரம், வரி ரசீது, மின்சார ரசீது, தண்ணீர் ரசீது, தொலைபேசி ரசீது என்று இருபத்து நான்கு வருஷத்துக் காகிதங்கள் வருஷவாரியாக இருந்தன. ஒரு காகிதத்தின் மூலைகூட மடங்கியிருக்கவில்லை.

அந்தப் பெண் பொறுமையாகப் புரட்டினாள். "எல்லாம் உங்க பேர்ல இருக்கு சார்."

"ஆமாம். அவளை எதுக்கு அலைய விடணும்? எல்லாத்தையும் நானே பாத்துக்குவேன்," என்றார் அவர். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்தது.

"அம்மா பேர்ல ஒண்ணாவது இருக்கா?"

இருந்தது ஒன்றே ஒன்று, பழைய குடியுரிமை அட்டை. அதில் அவள் கல்யாணத்துக்கு முன் இருந்த தாய்வீட்டு முகவரி இருந்தது. கல்லூரிக் கடிதத்திலும் அதையே பார்த்து எழுதியிருந்தார்கள். மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று அவள் சொன்னபோதெல்லாம், "நான் பாத்துக்கறேன்" என்றவர் பார்க்காமல் விட்டது அது ஒன்றைத்தான்.

"கல்யாணப் பதிவுச் சான்றிதழ் இருக்கு," என்று இழுத்தார் தபால்காரர்.

"அது கல்யாணம் ஆனதுக்கு ஆதாரம் சார். ஒரே வீட்டுல இருக்கறதுக்கு ஆதாரம் இல்லையே."

பக்கத்துக் கவுன்ட்டரில் யாரோ சிரித்தார்கள். அவர் மனைவி சிரிக்கவில்லை. கழுத்து அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, மூடிய கோப்பையே பார்த்தபடி நின்றாள். இருபத்து நான்கு வருஷம் கூட்டிப் பெருக்கிச் சமைத்துத் துடைத்த வீட்டில் அவள் இருந்ததாக ஒரு துண்டுக் காகிதம்கூடச் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணுக்கே மனம் கேட்கவில்லை. "ஒரு வழி இருக்கும்மா. நாங்க உங்க பேருக்குப் பதிவுத் தபால் அனுப்புவோம். கூடவே ஒரு சீட்டு இருக்கும். தபால்காரர் உங்க வாசலுக்கு வந்து, உங்க அட்டையைப் பாத்து, உங்க கையில கொடுத்து, அந்தச் சீட்டை நிரப்பித் தரணும். தபால் ஆபீஸ்ல போய் வாங்கினா செல்லாது. சரியா நிரப்பின சீட்டைக் கொண்டு வந்தீங்கன்னா அன்னைக்கே கணக்கு."

தபால்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "தபால்காரரா? கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறோமே!"

அப்படிச் சிரித்த மனுஷன் லேசுப்பட்டவர் இல்லை. முப்பத்தொரு வருஷச் சேவையில் ஒரு பதிவுத் தபாலை ஆள் மாற்றிக் கொடுத்தவரில்லை. சொந்த மச்சானுக்கு வந்த தபாலை, "அடையாள அட்டை எங்கே?" என்று கேட்டுத் திருப்பி எடுத்துப் போனவர். மச்சான் இரண்டு வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். தெருவில் எந்தக் கதவில் எண் மங்கியிருந்தாலும் நின்று திட்டிவிட்டுத்தான் நகர்வார். எதிர்வீட்டுத் தையல்காரர் அவருக்குப் பயந்தே தன் கதவில் மூன்று இடத்தில் எண் எழுதி வைத்திருந்தார்.

உறை புதன்கிழமை காலை வந்தது. தபால் பிரிக்கும் மேசையில் மனைவியின் பெயரை அச்செழுத்தில் பார்த்தபோது தபால்காரருக்கு என்னவோ போலிருந்தது. அவள் பெயருக்குத் தபால் வந்து அவர் பார்த்ததில்லை. ஆசையாக அதை ஒரு தடவை தடவிப் பார்த்தார். ஆனால் தன் வீட்டுக்கு வரும் பதிவுத் தபாலைத் தானே கொடுக்கக் கூடாது, வேறொருவர்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே. பக்கத்து மேசைத் தபால்காரப் பெண்ணிடம் நீட்டினார்.

அவள் மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அலுவலகம் அவளுக்குக் 'கறார்' என்று பெயர் சூட்டிவிட்டது. அவருக்கு அவளை ரொம்பப் பிடிக்கும், தன்னைப்போல ஒரு ஜீவன் என்று.

"என் வீடு எதுன்னு சொல்லட்டுமா தங்கச்சி?"

"முகவரி இருக்குல்லண்ணே. அது போதும்," என்றாள் கறார்.

ஐந்து மணிக்கு அவர் சுற்று முடிந்து திரும்பியபோது அந்த உறை மேசையில் இருந்தது. அனுப்பியவருக்கே திரும்பிப் போகிற தபால்களுக்கான தட்டில் இருந்தது. மேலே குத்தியிருந்த சீட்டில், 'கதவில் எண் இருந்ததா?' என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்ற கட்டத்தில் அழுத்தமாக ஒரு குறி.

அவர் கறாரிடம் போய் நின்றார். "என்ன தங்கச்சி இது?"

"பதிமூணு இருக்கு, பதினஞ்சு இருக்கு. நடுவுல ஒரு கதவு. அதுல ஒண்ணுமே இல்லண்ணே."

"அதுதான் பதினாலு!"

"யார் சொன்னா?"

"பதிமூணுக்கும் பதினஞ்சுக்கும் நடுவுல வேற என்ன வரும்? நான் சொல்றேன்!"

"நீங்க சொல்லக் கூடாதுன்னுதானே என்கிட்ட கொடுத்தீங்க?"

கறார் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அக்கா வாசல்லயேதான் நின்னாங்க. அட்டையைக் கையில வச்சுக்கிட்டு. அவங்க யாருன்னு எனக்குத் தெரியுது. ஆனா சீட்டு கேக்கறது அதை இல்லையே. கதவுல இல்லாததை இருக்குன்னு எழுத எனக்குக் கை வராதுண்ணே."

கத்தலாம் என்றால், அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவருடைய சொல். ஒன்பது வருஷத்துக்கு முன் கதவுக்கு வர்ணம் பூசியபோது பழைய எண் அழிந்தது. திரும்ப எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக்கு வரும் தபாலைப் பிரிக்கும் மேசையிலிருந்தே சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறவர், தன் கதவில் எண் இருக்கிறதா என்று எதற்குப் பார்க்கப் போகிறார்? ஊர்க் கதவையெல்லாம் அதட்டிய மனுஷனுக்குத் தன் முதுகு தெரியவில்லை, அவ்வளவுதான்.

திரும்பும் தபால் மூட்டையை ஆறு மணிக்குக் கட்டிவிடுவார்கள். கட்டிவிட்டால் உறை வங்கிக்குப் போய்ச் சேரும், விண்ணப்பம் ரத்தாகும், புதிதாக இன்னொன்று அனுப்பி வருவதற்குள் வெள்ளி போய் அடுத்த வாரம் வந்துவிடும். கறார் தேநீர் குடிக்கப் போனாள். தபால்காரர் அந்தத் தட்டைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார். பிறகு முப்பத்தொரு வருஷத்தில் செய்யாத காரியத்தைச் செய்தார். உறையைச் சீட்டோடு எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சைக்கிளை எடுத்தார்.

வீட்டில் அவள் கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். காலையில் கல்லூரிக்குப் போகாமல் காத்திருந்தவள். கழுத்து அட்டையை இன்னும் கழற்றவில்லை. கண் சிவந்திருந்தது.

"அந்த அம்மா என் முகத்தைக்கூட சரியாப் பாக்கலைங்க. கதவைத்தான் மேலயும் கீழயும் பாத்தாங்க. அப்புறம் மன்னிச்சுக்கோங்கக்கான்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. இந்தா," என்று அவர் உறையை எடுத்து நீட்டினார். சிரிக்க முயற்சி செய்தார். "பேனா கொண்டா. அந்த 'இல்லை'யை அடிச்சுட்டு நானே பக்கத்துல குறி போட்டுக் கையெழுத்தும் போட்டுடறேன். காலைல முதல் வேலையா வங்கிக்குப் போயிடலாம்."

அவள் உறையை வாங்கவில்லை. "அவங்க கொடுத்து அனுப்பினாங்களா?"

அவர் தானே பேனா தேடுவதுபோல அலமாரிப் பக்கம் திரும்பினார். இப்படித் திரும்பிக்கொள்ளும் புருஷனை இருபத்து நான்கு வருஷமாகப் பார்க்கிறவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"எடுத்துட்டு வந்துட்டீங்க."

"உனக்காகத்தான்மா."

"தெரியும்," என்றாள் அவள். "எனக்காகத்தான் கரன்ட் ஆபீஸுக்குப் போனீங்க, வரி கட்டப் போனீங்க, வரிசையில நின்னீங்க. என்னை வெயில்ல நிக்க விடலை. நான் குறை சொல்லலைங்க. ஆனா இதையும் நீங்களே பாத்துக்கப் போறீங்களா?"

அவர் உறையைப் பிடித்த கையைத் தாழ்த்தினார்.

"நான் இங்க இருக்கேன்னு சொல்ல முதல் தடவையா ஒரு காகிதம் வருது. அதையும் நீங்க திருட்டுத்தனமா எழுதித் தந்தா, அந்தச் சீட்டுலகூட நான் நிஜமா இல்ல. எனக்கு அது வேண்டாம். கொண்டுபோய் வச்சிடுங்க."

"வச்சா உன் இடம் போயிடும்டி!" என்றார் அவர். கோபம் இல்லை, பயம்தான்.

"என் பேருக்கு வந்ததுதானே? திருப்பி அனுப்பாதீங்க, இன்னொரு தடவை வாங்கன்னு நானே எழுதிக் கேட்டா, கேக்க மாட்டாங்களா?"

தபால்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். அப்படி ஒரு விதி இருந்தது. பெறுபவர் எழுதிக் கேட்டால், மறுநாள் ஒரே ஒரு முறை மீண்டும் கொண்டு போகலாம். யாரும் கேட்டதில்லை, அதனால் விதிப்புத்தகத்தைத் தலைகீழாக ஒப்பிக்கிற மனுஷனுக்கே அது மறந்திருந்தது. தபால் வாங்கிப் பழக்கமே இல்லாத ஒருத்திக்கு அது தானாகத் தோன்றியிருக்கிறது.

அவளைச் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மிதித்தார். கல்யாணமான புதிதில் அப்படிப் போனது. இப்போது மூச்சு வாங்கியது, இருந்தும் நிறுத்தவில்லை. உள்ளே நுழைந்தபோது மணி ஆறாகப் பத்து நிமிஷம். கறார் மூட்டையை விரித்து வைத்துக்கொண்டு தபால்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நாலாவது தடவை எண்றேன்," என்றாள் நிமிராமல். "பன்னெண்டு இருக்கணும். பதினொண்ணுதான் வருது. அஞ்சாவது தடவையும் எண்ணிட்டு அப்புறம் போஸ்ட்மாஸ்டர்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

தபால்காரர் உறையை எடுத்து மேசையில் வைத்தார். "நான்தான் எடுத்தேன் தங்கச்சி." அவர் காது சிவந்துவிட்டது. மனைவிக்கு முன்னால், தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவளுக்கு முன்னால், பள்ளிக்கூடத்துப் பையன்போல நின்றார்.

கறார் உறையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நீங்க எடுத்ததை நான் பாக்கலை. வச்சதைத்தான் பாத்தேன். பன்னெண்டு. சரியா இருக்கு."

அவர் மனைவி ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, நின்றபடியே எழுதினாள். கல்லூரியில் பழகிய எழுத்து, ஒவ்வொன்றும் நிதானமாக விழுந்தது. 'மேற்படி வீட்டில் நான் இருபத்து நான்கு வருஷமாக வசிக்கிறேன். என் பெயருக்கு வந்த தபாலைத் திருப்பி அனுப்ப வேண்டாம். நாளை காலை பத்து மணிக்குள் கதவில் எண் இருக்கும்.' கீழே கையெழுத்துப் போட்டாள். கறார் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, தேதி முத்திரை குத்தி, உறையைத் திரும்பும் தபால்களிலிருந்து எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகத் தபால்காரர் கதவைக் கழுவித் துடைத்தார். அவள் வர்ண டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பென்சிலால் கோடு போட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒன்றையும் நான்கையும் எழுதினார். எதிர்வீட்டுத் தையல்காரர் பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தார். ஒன்பது வருஷமாகக் காத்திருந்த தருணம் அவருக்கு.

"அண்ணே, நாலு கொஞ்சம் சாஞ்ச மாதிரி இருக்கே. பரவாயில்லையா, திட்டு விழுமா?"

"வாயைக் கொப்பளிய்யா முதல்ல," என்றார் தபால்காரர். ஆனால் நான்கைத் திருத்தினார்.

எண் எழுதி முடித்த பிறகும் அவர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். பிறகு எண்ணுக்குக் கீழே, ஒரு விரற்கடை இடம் விட்டு, அவள் பெயரை எழுதத் தொடங்கினார். முதல் எழுத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. டப்பாவை இன்னும் கொஞ்சம் அருகில் நீட்டினாள். அவர் அவசரப்படவில்லை. கடைசி எழுத்துவரை எழுதிவிட்டு, தள்ளி நின்று பார்த்தார்.

"உங்க பேரு?" என்றாள் அவள்.

"எனக்கு வர்றதை நான் பையிலயே போட்டுக்கறேன். உனக்குத்தான் வாசல் வேணும்." அப்புறம், அவளைப் பார்க்காமல், "எப்பவோ எழுதியிருக்கணும். தப்புதான்மா," என்றார். அவள் முந்தானையால் அவர் கன்னத்தில் தெறித்திருந்த வர்ணத்தைத் துடைத்தாள். அழுத்தித் துடைத்தாள், வலித்தது. அவர் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அரை நாள் விடுப்பு போட்டிருந்தார். பத்தே காலுக்குத் தெருமுனையில் கறாரின் சைக்கிள் மணி கேட்டதும், "நீங்க உள்ள போங்க," என்றாள் அவள். அவர் கூடத்துக்குள் போய், ஜன்னல் ஓரமாக முள்ளின் மேல் நிற்பதுபோல நின்றார்.

கறார் வந்தாள், கதவைப் பார்த்தாள். சுண்டுவிரலால் நான்கின் காலைத் தொட்டாள். விரலில் வர்ணம் ஒட்டிக்கொண்டது.

"ஈரம் காயலையே."

"காய்ஞ்சிருக்கணும்னு சீட்டுல இல்ல!" என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணே, நீங்க விடுப்புல இருக்கீங்க," என்றாள் கறார். அலுவலகத்திலிருந்து கொண்டு வந்திருந்த புதுச் சீட்டை எடுத்து, 'இருந்தது' என்ற கட்டத்தில் குறி போட்டாள். அட்டையைக் கேட்டு வாங்கி, படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பெயரைக் கேட்டாள். அவர் மனைவி முழுப் பெயரையும் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். கையெழுத்து வாங்கிக்கொண்டு, உறையை அவள் இரண்டு கையிலும் வைத்தாள் கறார்.

"கடைசியா ஒரு கேள்விக்கா. இந்த வீட்டுல வேற யாராவது இருக்காங்களா?"

"எங்க வீட்டுக்காரர் இருக்கார்."

கறார் மறுபடி கதவைப் பார்த்தாள். பதினான்கு, அதன் கீழே ஒரே ஒரு பெயர். "அவர் பேர் இங்க இல்லையே. அவர் இங்கதான் இருக்கார்னு யார் சொல்றது?"

ஜன்னலுக்குப் பின்னால் தபால்காரர் வாயைத் திறந்தார். கறார் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பேனாவைப் பிடித்தபடி அவர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்றேன்," என்றாள் அவள். "இருபத்து நாலு வருஷமா இங்கதான் இருக்கார். என்கூடத்தான் இருக்கார்."

"நீங்க சொன்னா போதும்க்கா," என்று கறார் அதை எழுதிக்கொண்டாள்.